பனங்கிழங்கு வேரா, இலையா?

சப்பாத்திக்கள்ளியின் இலை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொன்னாலும் திரும்பி, "அது இலை இல்லைங்க, தண்டு" என்று சொல்லிவிடுவேன். பச்சையாக, தட்டையாக இருப்பதெல்லாம் இலையாகிவிடுமா? அந்தச் செடியின் இலைகள் எப்போதோ முள்ளாகிவிட்டன. இந்த வெயிலில் இலையை விரித்து வைத்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும் என்று இலைகளை ஊசியாகச் சுருக்கிக்கொண்டு, சமையல் வேலையைத் தண்டின் தலையில் கட்டிவிட்டது அந்தச் செடி. தண்டும் முணுமுணுக்காமல் பச்சை பூசிக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கிறது. முள் குத்தினால் எல்லோரும் காலைப் பிடித்துக்கொண்டு கள்ளியைத் திட்டுவார்கள். குத்தியது ஒரு இலை என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அறுபதுகளின் கடைசியில் ஒக்கூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தாவரவியல் படித்துவிட்டு நேராக வந்தவள். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், வாய் அதிகம், கோபம் மூக்கு நுனியில். வெளியூரில் தொழில் செய்த ஒரு குடும்பம் தங்கள் பெரிய வீட்டைப் பள்ளிக்கூடத்துக்கென்று கொடுத்திருந்தது. முகப்பில் தலைமையாசிரியை அறை. முதல் கட்டில் வகுப்புகள். இரண்டாம் கட்டில் முற்றத்தைச் சுற்றி இருந்த ஓர் இருட்டு அறையை நான் சண்டை போட்டு வாங்கி, அறிவியல் அறை என்று பெயர் வைத்திருந்தேன். அதில் இருந்த ஒரே கருவி என் சொந்தப் பூதக்கண்ணாடி.

பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் உயிரியலை விருப்பப் பாடமாகக் கொண்டுவர அனுமதி கேட்டிருந்தோம். புரட்டாசியில் சிவகங்கையிலிருந்து வந்து பார்த்த கல்வி அதிகாரி அந்த இருட்டு அறைக்குள் தலையை மட்டும் நீட்டினார். "அறை இல்லை, கருவி இல்லை, மாதிரிகள் இல்லை. எதை வைத்துப் பாடம் நடத்துவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி வருவதாகத் தகவல் வந்தது. அப்போதும் இல்லை என்று எழுதினால் இல்லைதான்.

எனக்கு அது வேலைப் பிரச்சினை. ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் தாய்மாமனும்தான் வீடு. நம் பக்கத்து வழக்கப்படி அந்த மாமனுக்கே அவளைக் கொடுப்பதாகப் பேசியிருந்தார்கள். டாக்டருக்கோ நர்ஸுக்கோ படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கான பாடம் காரைக்குடியில் இருந்தது. வயசுக்கு வந்த பிள்ளையை அம்மா பஸ் ஏற்ற மாட்டாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துலயே அந்தப் பாடம் வந்துச்சுன்னா எங்கம்மா பொறுத்துக்கிடும் டீச்சர். வராட்டி வைகாசியில கல்யாணம்" என்று அவள் என்னிடம் சொன்னபோது குரலில் ஒரு ஆட்டமும் இல்லை. 

"மாதிரிகள் இல்லையா? காட்டுகிறேன் மாதிரிகளை" என்று கிளம்பினேன். அவர் வருவதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரை, ஊருணி, வேலிக்காடு என்று ஒரே அலைச்சல். வேலியில் ஏறியிருந்த பிரண்டையைப் பிடித்து இழுத்தால், அதன் பற்றுக் கம்பிகள் விடமாட்டேன் என்றன. தண்டுதான் கம்பியாகிப் பற்றிக்கொண்டிருக்கிறது. செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு அடுத்த செடியின் கழுத்தைப் பிடிக்கிறது. ஊருணிக் கரைத் தாழை கீழே விழுந்துவிடாமல் பக்கத்துக்கொரு வேரை ஊன்றி நிற்கிறது. ஆலம் விழுதில் ஊஞ்சலாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மேலிருந்து இறங்கி வந்த வேர் என்று சொன்னதும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஊருணித் தண்ணீரில் மிதக்கும் ஒரு பாசி போன்ற செடியில், கடுகைவிடச் சிறிய பைகள் இருக்கும். இலைதான் அப்படிப் பையாகி, தண்ணீரில் நெளியும் பூச்சியை உறிஞ்சிப் பிடித்துச் செரிக்கிறது. அதைப் பூதக்கண்ணாடியில் காட்டியபோது ஒரு பிள்ளை, "ஆத்தாடி, இந்தத் தண்ணியிலயா டீச்சர் நாங்க முகம் கழுவுறோம்?" என்று அலறினாள்.

கிழங்குகள் வீடுகளிலிருந்தே வந்தன. பொங்கல் காலம், கிழங்குக்கா பஞ்சம்? சர்க்கரைவள்ளி, உருளை, சேம்பு, கருணை, இஞ்சி, வெங்காயம் எல்லாம் பாவாடை மடியில் வந்து இறங்கின. பனங்கிழங்கு ஒரு கட்டே வந்தது. "பொங்கக் கொழம்புக்கு வாங்கி வச்சதை எல்லாம் அள்ளிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா, அங்குட்டு என்ன டீச்சர் விருந்தா நடக்குது?" என்று ஒரு தாய் என்னை வழியில் மறித்துக் கேட்டாள்.

முற்றத்தை ஒட்டிய கூடத்தின் வழுவழுப்பான பூப்போட்ட கல் தரையில் பிள்ளைகள் கோலமாவால் மூன்று பெரிய கட்டங்கள் போட்டார்கள். வேர், தண்டு, இலை. கட்டத்துக்குக் கட்டம் காவிக்கரை வேறு. வந்த சாமான்களை அந்தந்தக் கட்டத்தில் அடுக்கி, முன்னால் பெயர் எழுதிய சீட்டு வைத்தோம். சர்க்கரைவள்ளி வேரில். உருளையும் சேம்பும் கருணையும் இஞ்சியும் தண்டில். வெங்காயம் இலையில், ஏனென்றால் நாம் உரித்து உரித்துக் கண்ணீர் விடுவது அதன் இலைகளைத்தான். பனங்கிழங்கை வேரில் வைத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மண்ணுக்குள் போகிறது, கீழ்நோக்கிக் கூம்புகிறது, கிழங்கு என்று பெயரும் இருக்கிறது. வேறு என்னவாக இருக்கும்? அதிகாரி ஏற்றுவதற்காகத் தலைமையாசிரியை ஒரு குத்துவிளக்கையும் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டார். பார்க்கக் கண் நிறைந்து போயிற்று.

அதிகாரி வரும் நாள் காலையில் ஊருணிச் செடி வாடிப்போயிருந்தது. பை எல்லாம் தொய்ந்து ஒட்டிக்கிடந்தது. புதிதாக அள்ளிவரலாம் என்று நாலைந்து பிள்ளைகளோடு ஊருணிக்கு ஓடினேன். செடியையும் தண்ணீரையும் ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து அரக்கப் பரக்கத் திரும்பி வந்தால், பள்ளிக்கூட வாசலிலேயே ஒரு வாசனை. அவித்த கிழங்கு வாசனை.

கூடத்துக்கு ஓடினேன். கோலம் இருந்தது. விளக்கு இருந்தது. கள்ளி இருந்தது, பிரண்டை இருந்தது, தாழை வேர் இருந்தது. தின்னக்கூடியது ஒன்றுகூட இல்லை. பெயர்ச் சீட்டுகளை மட்டும் யாரோ ஒழுங்காக அடுக்கி, பறக்காமல் இருக்கக் குத்துவிளக்கின் அடியில் செருகி வைத்திருந்தார்கள்.

பின்கட்டிலிருந்து பள்ளிக்கூட ஆயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"என்ன டீச்சர், இப்படி வேர்த்து விறுவிறுத்து வாரீக? எல்லாம் அவிஞ்சிருச்சு. பனங்கெழங்குக்கு மஞ்சளும் உப்பும் போட்டு இறக்கிட்டேன். அந்த இஞ்சியையும் வெங்காயத்தையும் தொவையல் அரைச்சுட்டேன்."

"எதை அவிச்சீக?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"இங்குட்டுக் கோலம் போட்டு, வெளக்கு வச்சுப் பரப்பி வச்சிருந்தீகளே, அதைத்தான். லீவு விடுறதுக்கு முன்னால பள்ளிக்கூடத்துப் பொங்கப் படையல்னு நெனச்சேன். சும்மா எடுக்கலை டீச்சர். சூடங் காட்டி, சாமி கும்பிட்டுட்டுத்தான் எடுத்தேன். அதிகாரி அம்புட்டுத் தூரம் வாராக, வெறும் வயித்தோடயா அனுப்புறது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு வந்த கோபத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அவளை எதைச் சொல்லித் திட்டுவது? கோலம், விளக்கு, கிழங்கு, பொங்கல் நேரம். எங்கள் வீட்டில் நடந்திருந்தால் நானே அப்படித்தான் நினைத்திருப்பேன். சட்டென்று நினைவு வந்தது: செங்காந்தள்! அதன் கிழங்கு விஷம். நல்லவேளை, கொடியைத்தான் அறுத்து வந்திருந்தோம், கிழங்கைத் தோண்டவில்லை. கொடி மூலையில் பத்திரமாகக் கிடந்தது. தோண்டியிருந்தால் பாடமும் போய், அதிகாரியும் போயிருப்பார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

தலைமையாசிரியை என் காதருகில், "தலைவலின்னு சொல்லித் தள்ளிப் போட்டுருவோமா?" என்றார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கல்யாணம் பேசியிருந்த அந்தப் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அதற்கப்புறம் எப்படித் தள்ளிப்போடுவது?

அதிகாரி மெலிந்த, உயரமான மனிதர். ஆயா அவரைக் கூடத்தில் மேசை போட்டு உட்கார வைத்து, வாழையிலையில் கிழங்குகளைக் குவித்துவிட்டாள். ஆவி பறந்தது. அவர் இலையைப் பார்த்தார், வெறுங்கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கண்காட்சின்னு எழுதியிருந்தீங்களேம்மா. எங்கே?"

"உங்க முன்னாடி இருக்கு ஐயா" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்தது. "எல்லாரும் வாங்கடி" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு மேசையைச் சுற்றி நிறுத்தினேன். "ஐயா, அந்த உருளையை உரிக்காம கையில எடுங்க. குழி குழியா இருக்கா? அது என்ன, யார் சொல்றது?"

"கண்ணு டீச்சர்! கண்ணுல மொட்டு இருக்கும். மொட்டு இருந்தாத் தண்டு!"

"சர்க்கரைவள்ளியில?"

"கண்ணு இல்ல. சல்லி வேர்தான் இருக்கு. அப்ப வேரு!"

"சேம்புல?"

"வளையம் வளையமா இருக்கு. இலை விழுந்த தடம். தண்டு!"

அதிகாரி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசியும் இருந்திருக்க வேண்டும். பார்த்ததையெல்லாம் சாப்பிட்டார். துவையலைத் தொட்டுக்கொண்டு, "அப்ப இந்தத் துவையல்ல நான் தின்னது ஒரு தண்டும் ஒரு இலையும்" என்றார். பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம்.

"இது?" என்று அவர் பனங்கிழங்கை எடுத்தார்.

"வேர் ஐயா" என்றேன் பட்டென்று.

உரித்துக் கொடுப்பதற்காக அதைக் கையில் வாங்கியது அந்தப் பிள்ளைதான். மேல்தோலை உரித்தாள், நாரை இழுத்தாள், நெடுக்காக இரண்டாகப் பிளந்தாள். நடுவில் இருக்கும் குச்சி போன்ற குருத்தை எல்லோரும் எடுத்து எறிவோம். அவளும் அதைப் பிடுங்கினாள். எறியவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இது வேருன்னா உள்ளுக்குள்ள குருத்து எப்படி வந்துச்சு?"

 தலைமையாசிரியை இருமினார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உனக்காகத்தானே இத்தனை பாடு, இந்த நேரத்தில் இந்தக் கேள்வி உனக்குத் தேவையா என்று. ஆனால் கண் குருத்தின் மேல் போய்விட்டது. அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியவில்லை.  பல் முளைத்த நாளிலிருந்து தின்று வருகிற கிழங்கு. எத்தனை குருத்தை எடுத்து எறிந்திருப்பேன். ஒரு நாளும் கேட்டதில்லையே!

"வாழையில குருத்து எதுக்குள்ள இருக்கும்?" என்று நான் கத்தினேன். அதிகாரி இருப்பதே மறந்துவிட்டது.

"மடலுக்குள்ள!"

"மடல்னா?"

"இலையோட அடிப்பாகம்!"

"அப்ப இது?"

அவள் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடினாள், பிறகு திறந்தாள். "இதுவும் மடல்தான் டீச்சர். உருண்டையா மூடிக்கிட்டு இருக்கு. அடுத்த இலையைத்தான் உள்ள பொத்தி வச்சிருக்கு. இது வேரே இல்ல. இலை!"

"இப்பத்தானே டீச்சர் வேர்னு சொன்னாங்க?" என்றார் அதிகாரி.

"நான் சொன்னது தப்பு ஐயா" என்றேன். அந்தத் தப்பு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "அவிச்சதை வச்சு நான் ஒத்துக்க மாட்டேன். பச்சைக் கிழங்கு, கொட்டையோட வேணும்."

"எங்க கொல்லையில இருக்கு ஐயா. மாமா இன்னைக்குத்தான் தோண்டுறாக" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பள்ளிக்கூடம் வாசலைத் தாண்டிவிட்டது.

கொல்லை பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. செம்மண்ணைக் கூட்டிப் பனங்கொட்டை புதைத்த பாத்தியில் அவளுடைய மாமா மண்வெட்டியோடு நின்றார். தலையில் துண்டு, முழங்கால் வரை மண். வாட்டசாட்டமான இளைஞர். ஒரு ஜீப் அதிகாரியும் இத்தனை பெண்பிள்ளைகளும் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"மாமா, ஒண்ணை முறியாமத் தோண்டிக் குடுங்க. கொட்டை அறுந்துறப்பிடாது."

 அவர் மண்ணைப் பக்கவாட்டில் விலக்கி, கையை ஆழமாக விட்டு, அலுங்காமல் ஒன்றை வெளியே எடுத்தார். அதிகாரி வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணில் குந்தினார். பனங்கொட்டையிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது. அதன் கீழே கிழங்கு பருத்துத் தொடங்குகிறது. கிழங்கின் அடியிலிருந்து, கிழங்குக்குச் சம்பந்தமே இல்லாததுபோல வெள்ளை வெளேரென்று வேர்கள்.

"வேரு வேற இருக்குய்யா! அங்குட்டுப் பாருங்க, அடியில!" என்று அவள் கூவினாள். மாமாவின் அரிவாளை வாங்கிக் கிழங்கைப் பிளந்தாள். உள்ளே குருத்து, இளமஞ்சளாக, மடிப்பு மடிப்பாக. என் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விசிறி மாதிரி விரியப்போகிற பனையோலை அதற்குள் மடிந்து கிடந்தது. "கொட்டையில இருந்து வந்த சோத்தையெல்லாம் இந்த இலை வாங்கி வச்சுக்கிட்டு, தான் பச்சையாகாம, மண்ணுக்குள்ளயே இருந்து, அடுத்த இலையை வளர்த்து மேல அனுப்புது. அப்படித்தானே டீச்சர்?"

"அப்படித்தான், அப்படித்தான்" என்று நான் குதித்தேன். அதிகாரி கண்ணாடியை என் கையிலிருந்து பிடுங்காத குறை. அவரும் பார்த்தார், மறுபடி பார்த்தார், பின்னாலேயே வந்திருந்த ஆயாவைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். "இதையா நான் அவிச்சேன்?" என்றாள் அவள், கன்னத்தில் கையை வைத்து.

ஜீப்புக்குத் திரும்பும் முன் அவர் என்னிடம், "மாதிரிகள் இல்லைன்னு இனி நான் எழுத முடியாது. ஆதரவாத்தான் எழுதப் போறேன்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி, "ஆனா முடிவு மேலே எடுக்கிறது. வரும். இந்த வருஷமே வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

கைதட்டல் அப்படியே நின்றுபோயிற்று. அந்தப் பிள்ளை மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பிளந்த கிழங்கு இருந்தது.  அடுத்த வருஷம் பாடம் வந்தால் யாருக்கு? வைகாசி அதற்குள் வந்து போய்விடுமே.

"இந்த வருசம் வராட்டி என்ன ஆகும் டீச்சர்?" என்று கேட்டது அவளுடைய மாமா. அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாண மாப்பிள்ளையிடமே எப்படிச் சொல்ல? "அந்தப் பாடம் காரைக்குடியில இருக்கு. இவ அம்மா அனுப்ப மாட்டாகளே" என்று இழுத்தேன்.

அவர் அவள் கையிலிருந்த கிழங்கை வாங்கி, குருத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அதிகாரி ஜீப்புக்குப் போகாமல் நின்றார்.

"வருசா வருசம் நாந்தான் இந்தப் பாத்தி போடுறேன். உள்ள இருக்கறது என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "காரைக்குடின்னா காரைக்குடி. காலையில பஸ் ஏத்தி விட்டு, சாயங்காலம் நானே போயிக் கூட்டியாறேன். வைகாசிக்கு எனக்கு வேற பொண்ணு பாக்கட்டும், அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். இவளக் கட்டுனா தெனம் சோத்துல உக்காந்து, இது தண்டா வேரான்னு கேட்டு உசுர எடுப்பா டீச்சர். நம்மால ஆகாது."

பிள்ளைகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுதுவிட்டேன், அதிகாரி முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அவருடைய குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் கம்மியது எனக்குக் கேட்டது.

அந்தப் பிள்ளை அழவில்லை. சிரிக்கவும் இல்லை.  பாத்தியில் இறங்கி, மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, இன்னொண்ணு தோண்டுங்க. இப்பத்தான் முளைவிட்டதா இருக்கணும். மொத இலை எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்."